மாதிரி எஞ்சின் செய்வோருக்கான நூல்கள்: எதை முதலில் வாங்குவது?

லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைச் சொந்தமாக வைத்துப் பழகியவர்களில் பலருக்கும், தம் கையாலேயே ஒரு பெட்ரோல் எஞ்சினைச் செய்து ஓடவிட வேண்டும் என்ற ஆசை ஒரு கட்டத்தில் பிறந்துவிடுகிறது. மாதிரி நீராவி எஞ்சினுக்கு வழிகாட்டும் நூல்கள் நிறைய உண்டு. சிலிண்டருக்குள்ளேயே எரிபொருள் எரியும் உள்ளெரி எஞ்சினுக்கு வரும்போது நிலைமை வேறு. கல்லூரிப் பாடநூல்கள் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதைச் சமன்பாடுகளோடு விளக்குகின்றன. ஆனால் 20 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை எதில் பிடித்து, எந்த வரிசையில் குடைந்து, எதைக் கொண்டு மெருகேற்றுவது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இராது. மாதிரி செய்வோருக்கென்று எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை வரைபடத்தையும் அளவுகளையும் கொடுத்து, சொன்னபடி செய்தால் ஓடும் என்கின்றன. அந்த அளவு ஏன் அப்படி வைக்கப்பட்டது, அதை மாற்றினால் எது கெடும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே அட்டைக்குள் தரும் நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் வாங்கிப் படித்து, லேத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பயன்படுத்தும் நூல்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். எல்லாமே ஆங்கில நூல்கள். ஆனால் வரைபடம் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த ஆங்கிலம் பெரிய தடையாக இராது.

வரைபடம் கையில் இருக்கும்போது காரணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு சிறு கணக்கைக் காட்டுவேன். சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரம்) 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 6.28 சிசி. அழுத்த விகிதம் 6 வேண்டுமானால், அதாவது வாயு ஆறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டுமானால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சியிருக்கும் இடம் 1.26 சிசிதான், எரியறையைத் தட்டையான வட்டு வடிவமாகக் கொண்டால் அதன் உயரம் சரியாக 4 மி.மீ. இப்போது கைக்குக் கிடைத்த தாளை வெட்டி, 0.5 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள கேஸ்கெட்டை வைத்து மூடினால் அந்த 4 மி.மீ. 4.5 ஆகிவிடும், விகிதம் 6-லிருந்து 5.4-க்கு இறங்கிவிடும். 80 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட பெரிய எஞ்சினில் இதே தவறு நேர்ந்தால் விகிதம் 5.85 அளவில் நின்றுவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அளவைச் சுருக்கும்போது பிழையும் கூடவே சுருங்குவதில்லை. அதேபோல், எல்லா அளவுகளையும் நான்கில் ஒரு பங்காக்கினால், உள்ளே இருக்கும் வாயுவின் கொள்ளளவோடு ஒப்பிடும்போது சுவரின் பரப்பு நான்கு மடங்காகிறது; எரிந்த வெப்பத்தில் பெரும்பங்கைச் சுவர் உறிஞ்சிவிடுகிறது. இந்த இரண்டு செய்திகளையும் உணர்ந்து எழுதப்பட்டதா என்பதுதான் ஒரு மாதிரி எஞ்சின் நூலை நான் எடைபோடும் முதல் அளவுகோல்.

அந்த அளவுகோலில் இன்றும் முதலிடத்தில் நிற்பது எட்கர் வெஸ்ட்பரி எழுதிய 'மாடல் பெட்ரோல் எஞ்சின்ஸ்'. வெஸ்ட்பரி பிரிட்டனைச் சேர்ந்தவர். பெர்சிவல் மார்ஷல் 1898-இல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழில் பல்லாண்டுகள் தொடர்ந்து எழுதியவர். சீல், கிவி, விவெர்ன், சென்டார் என்று அவர் வடிவமைத்த எஞ்சின்கள் இன்றும் உலகின் பல மூலைகளில் செய்யப்படுகின்றன. சீல் என்பது 15 சிசி கொள்ளளவில் நான்கு சிலிண்டர்களும் நீர்க் குளிரூட்டலும் கொண்ட பக்கவால்வு எஞ்சின்; உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவில் ஒரு முழுக் கார் எஞ்சினின் உறுப்புகள் அத்தனையும் அதில் இருக்கும். இப்படித் தாமே வரைந்து, தாமே செய்து, ஓட்டிப் பார்த்துத் திருத்திய ஒருவர் எழுதியது என்பது நூலின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரிகிறது.

நூல் ஓர் எஞ்சினைச் செய்வதற்கான படிப்படியான குறிப்பு அல்ல. வடிவமைப்பு, செய்முறை, பயன்பாடு என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டடி (டூ ஸ்ட்ரோக்), நான்கடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின்களின் உறுப்புகளை வரிசையாக ஆராய்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வடிவமைப்பு முடிவையும் பட்டறையில் நடக்கும் வேலையையும் அவர் ஒருபோதும் பிரித்துப் பேசாததுதான். வால்வைத் திறந்து மூடவைக்கும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு எவ்வளவு வேகமாகத் திறக்க வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்பதற்கு நுணுக்கமான வளைவுகளைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். ஆனால் வீட்டு லேத்தில் அந்த வளைவை வெட்ட முடியாது. வெஸ்ட்பரி வட்ட வில்களால் ஆன பக்கங்களைக் கொண்ட கேமைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த வடிவத்தைத் தண்டின் அச்சிலிருந்து விலக்கிப் பிடித்து, லேத்திலேயே கடைந்தெடுத்துவிடலாம்; அதன்மேல் அமர்ந்து வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இயக்கமும் இந்தச் சிறிய எஞ்சினுக்குப் போதுமான அளவு சீராக இருக்கும். செய்யக்கூடிய வடிவங்களுக்குள் சிறந்தது எது என்று தேடும் இந்தப் பழக்கம்தான் வடிவமைப்பின் சாரம்; அதைப் பாடமாகச் சொல்லாமல் செய்து காட்டுகிறார்.

கார்புரேட்டரைப் பற்றி அவர் எழுதும் பகுதிகளையும் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். சிறிய எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது உள்ளிழுக்கப்படும் காற்றின் வேகம் மிகவும் குறைந்துவிடுவதால் பெட்ரோல் சரியாகச் சிதறுவதில்லை. அது துளிகளாகவே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. முழு வேகத்துக்கு ஊசியைச் சரிசெய்தால் மெதுவோட்டத்தில் கலவை மெலிகிறது. மெதுவோட்டத்துக்குச் சரிசெய்தால் வேகத்தில் கரும்புகை வருகிறது. விமான மாதிரிக்கு ஒரே வேகம் போதும் என்பதால் பலர் இந்தச் சிக்கலைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். வெஸ்ட்பரி, படகையும் காரையும் மனத்தில் வைத்து, எல்லா வேகத்திலும் கீழ்ப்படிந்து ஓடும் எஞ்சினையே இலக்காகக் கொள்கிறார். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் சுழலும் உருளை வடிவத் திராட்டிலையும், ஜெட்டுக்கு (பெட்ரோல் வெளிவரும் நுண்துளை) வரும் பெட்ரோலோடு சிறிதளவு காற்றைக் கலக்கும் ஏற்பாட்டையும் புரிந்துகொண்ட பிறகு, கடையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால்கூட அதன் ஒவ்வொரு துளைக்கும் பொருள் விளங்கும்.

குறை இல்லாமல் இல்லை. இது கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட நூல். தீப்பொறி ஏற்பாட்டைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் காண்டாக்ட் பிரேக்கர், காயில், பேட்டரி என்ற காலத்துக்குரியது. ஹால் சென்சரும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் அதில் இல்லை. பிசின்கள், ஓ-ரிங்குகள் போன்றவற்றுக்கும் இடமில்லை. அளவுகள் அனைத்தும் அங்குலப் பின்னங்களில் இருக்கும், மரைகள் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய திருகு வரிசையில் இருக்கும். இந்த இரண்டாவது குறை நம் ஊரில் அவ்வளவு பெரிதல்ல. பி.ஏ. மரையே மில்லிமீட்டர் அடிப்படையில் அமைந்தது: 2 பி.ஏ. 4.7 மி.மீ., 4 பி.ஏ. 3.6 மி.மீ., 6 பி.ஏ. 2.8 மி.மீ., 8 பி.ஏ. 2.2 மி.மீ. எனவே 6 பி.ஏ. என்று இருக்கும் இடத்தில், சுற்றியுள்ள உலோகத்தின் அகலத்தைப் பார்த்து எம் 3 அல்லது எம் 2.5 என்று மாற்றிக்கொள்ளலாம். திருகுத் தலைக்கு இடம் போதுமா என்பதை மட்டும் முன்பே வரைந்து பார்த்துவிட வேண்டும்.

உலோகங்களின் பெயரைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதியே இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் நூல்கள் இ.என். 8, இ.என். 24, சில்வர் ஸ்டீல், கன்மெட்டல் என்று உலோகங்களைக் குறிப்பிடுகின்றன; இவற்றில் இ.என். எண்கள் பிரிட்டனில் அதிகாரபூர்வமாகப் பழையவை ஆகிவிட்டன. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள ஸ்டீல் கடைக்குப் போய் இதே பெயர்களைச் சொன்னால் இன்றும் எடுத்துக் கொடுப்பார்கள். வார்ப்புகளுக்கு இங்கிலாந்தின் ஹெமிங்வே கிட்ஸ் நிறுவனம் வெஸ்ட்பரியின் பல எஞ்சின்களுக்கு வார்ப்புத் தொகுதிகளை விற்கிறது. ஆனால் இரும்பின் எடைக்குக் கப்பல் கட்டணமும் சுங்க வரியும் சேரும்போது யோசிக்க வேண்டியிருக்கும். மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி உரு) செய்து உள்ளூர் ஃபவுண்டரியில் வார்க்கத் துணிந்தவர்கள், நூலில் உள்ள அளவு கடைந்து முடித்த அளவு என்பதை மறக்கக்கூடாது. ஆறும்போது வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1 சதவீதமும் அலுமினியம் 1.3 சதவீதமும் சுருங்கும். அதற்கு மேல் கடைவதற்கான உலோகத்தையும் விட வேண்டும். பேட்டர்ன் செய்பவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மாதிரி எஞ்சினில் 3 மி.மீ. தடிமனே உள்ள சுவர்கள் வரும். அவ்வளவு மெல்லிய இடத்தில் உலோகம் நிரம்புமா என்று அவரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

வெஸ்ட்பரிக்கு அடுத்ததாக நான் பரிந்துரைப்பது மால்கம் ஸ்ட்ரைட் எழுதி 2007-இல் கிரௌவுட் பதிப்பகம் வெளியிட்ட 'மினியேச்சர் இன்டர்னல் கம்பஸ்டன் எஞ்சின்ஸ்'. இன்று செய்யத் தொடங்குபவருக்கு வேண்டிய தகவல் இதில் இருக்கிறது. சிலிண்டர், பிஸ்டன், கிராங்க்ஷாஃப்ட், வால்வு, கேம், கார்புரேட்டர், இக்னிஷன் என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக எடுத்து, அதைச் செய்யும் பல வழிகளையும் அருகருகே வைக்கிறார். படங்கள் தெளிவானவை, வெஸ்ட்பரியின் மங்கலான கறுப்பு வெள்ளைப் படங்களோடு போராடிவிட்டு வருபவருக்கு இதுவே பெரிய ஆறுதல். ஆனால் காரணங்களைத் தேடும்போது ஆழம் குறைவு. ஒரு வழியைவிட மற்றொரு வழி ஏன் மேலானது என்ற இடத்தில், இரண்டுமே நடைமுறையில் உண்டு என்று சொல்லி நகர்ந்துவிடுவதாக எனக்குப் படுகிறது. வெஸ்ட்பரியைப் படித்தவருக்கு இது நல்ல துணைநூல். இதை மட்டும் வைத்துக்கொண்டு புதிய எஞ்சின் ஒன்றை வரையத் தொடங்குவது கடினம்.

மாதிரி எஞ்சின் நூல் எதை எடுத்தாலும் பிஸ்டனின் மேல் கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்டைப் பற்றிய பக்கங்களை நான் முதலில் பார்ப்பேன். எழுதியவர் உண்மையிலேயே இதைச் செய்தவரா என்பது அங்கே தெரிந்துவிடும். ஒரே உருக்குக் கம்பியிலிருந்து கிராங்க்ஷாஃப்டைக் கடையும்போது, முனைகளில் இரண்டு ஜோடி மையக் குழிகளைப் போட்டு, முதலில் அச்சிலிருந்து விலகிய ஜோடியில் நிறுத்தி, கனெக்டிங் ராட் மாட்டப்படும் கிராங்க்பின்னைக் கடைகிறோம். பிறகு நடு ஜோடிக்கு மாற்றித் தண்டைக் கடைகிறோம். இரண்டாவது கட்டத்தில், கிராங்க்பின்னின் இருபுறமும் நிற்கும் இரு கன்னங்களுக்கு நடுவே ஏற்கெனவே வெட்டியெடுத்த இடைவெளி இருக்கிறது. லேத்தின் மறுமுனையில் தாங்கும் டெய்ல்ஸ்டாக்கை இறுக்கினால் தண்டு அந்த இடைவெளியில் மிக மெல்லிதாக மடங்கும். கடைந்து முடித்துக் கழற்றியதும் நிமிர்ந்துகொள்ளும். பேரிங்கில் வைத்துச் சுழற்றினால் ஆடும். இதைத் தடுக்க, அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு துண்டைச் செய்து, கன்னங்களைப் பிரித்துத் தள்ளாதபடி விரலால் நழுவும் அளவில் வைத்து, கட்டியோ ஒட்டியோ நிறுத்த வேண்டும். கிராங்க்ஷாஃப்டைக் கம்பியிலிருந்து கடையச் சொல்லிவிட்டு இந்தத் துண்டைப் பற்றிப் பேசாத நூலுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

முதல் எஞ்சினாக எதைச் செய்வது என்ற கேள்விக்குத் தனியாக ஒரு நூல் வேண்டும். அது 'தி ஷாப் விஸ்டம் ஆஃப் ஃபிலிப் டுக்ளோஸ்'. அமெரிக்காவின் 'ஹோம் ஷாப் மெஷினிஸ்ட்' இதழில் டுக்ளோஸ் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு இது. அவருடைய எஞ்சின்களுக்கு வார்ப்பு தேவையில்லை. கம்பியிலும் தகட்டிலும் பட்டறையில் கிடக்கும் துண்டுகளிலும் செய்துவிடலாம். 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' என்ற அவருடைய ஹிட் அண்ட் மிஸ் எஞ்சின் தொடக்கநிலையினருக்கு மிகப் பொருத்தமானது. பழைய பண்ணை எஞ்சின்களின் முறை இது: வேகம் ஏறியதும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். வால்வு திறந்திருக்கும்வரை சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகாது, எனவே வெற்றிடத்தாலேயே திறக்கக்கூடிய இன்டேக் வால்வும் மூடியே இருக்கும், பெட்ரோல் செலவாகாது. கனமான ஃப்ளைவீல் சுழன்று வேகம் குறைந்ததும் பிடி விடுபட்டு, மறுபடி ஒருமுறை வெடிக்கும். இன்டேக்குக்குக் கேம் வேண்டாம், வேகம் குறைவு, கார்புரேட்டர் எளிது. முதல் எஞ்சின் ஓடாமல் போனால் பலரும் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுகிறார்கள்; ஓடக்கூடிய எஞ்சினை முதலில் செய்யவைப்பது இந்த நூலின் மதிப்பு.

டுக்ளோஸின் எழுத்தில் ஒவ்வொரு பொருளையும் எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கத்தை முதலில் கடைவது என்பது தெளிவாக இருக்கும். வடிவமைப்புக் காரணங்கள் குறைவு; அதை அவர் இலக்காகக் கொள்ளவும் இல்லை. அமெரிக்கப் பெயர்கள் நமக்குச் சற்று இடைஞ்சலாக இருக்கலாம். 12எல்14 என்ற உருக்கு இருந்தால் ஈயம் கலந்த இ.என். 1ஏ கேளுங்கள், எண்ணெயில் கடினமாக்கும் டிரில் ராட் என்று இருந்தால் நம் கடைகளில் ஓ.எச்.என்.எஸ். என்று விற்கப்படுவதை வாங்கலாம்.

தீப்பொறிக்கென்று தனி நூல் வேண்டுபவர்கள் பாப் ஷோர்ஸ் எழுதிய 'இக்னிஷன் காயில்ஸ் அண்ட் மேக்னெட்டோஸ் இன் மினியேச்சர்' நூலைத் தேடலாம். மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி, அடுக்குகளுக்கிடையே மின்காப்பு வைத்து, சிறிய காயிலைச் செய்யும் முறை அதில் இருக்கிறது. எஞ்சின் ஓட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் இவ்வளவு பாடு தேவையில்லை. ஆயத்தமான எலக்ட்ரானிக் இக்னிஷன் கிடைக்கிறது. பேட்டரி இல்லாமல் காந்தத்தால் தீப்பொறி தரும் மேக்னெட்டோவும் தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த நூலுக்கு மாற்று இல்லை.

பிஸ்டன் ரிங் விஷயத்தில் நூல்களைவிட இதழ்களே முன்னால் நிற்கின்றன. 'ஸ்ட்ரிக்ட்லி ஐ.சி.' என்ற அமெரிக்க இதழில் ஜார்ஜ் டிரிம்பிள் எழுதிய கட்டுரைத் தொடர், இன்று மாதிரி எஞ்சின் செய்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் முறைக்கே அவர் பெயரைத் தந்துவிட்டது. ரிங்கை வார்ப்பிரும்பில் சிலிண்டர் விட்டத்துக்கே கடைந்து, ரம்பத்தால் அறுக்காமல் பிளந்து, முனைகளைச் சீர்செய்து, இடைவெளியைக் கணக்கிட்ட அளவுக்கு விரித்துப் பிடிக்கும் ஓர் அமைப்பில் அடுக்கி, காற்று படாமல் சூடாக்கினால் அந்த விரிவு நிலைத்துவிடுகிறது. பிறகு சிலிண்டருக்குள் அழுத்தும்போது ரிங் சுற்றிலும் ஒரே அளவு விசையோடு சுவரைத் தொடும். விரிக்கும் இடைவெளிக்கும் ரிங்கின் தடிமனுக்கும் உள்ள தொடர்பை அவர் கணக்கோடு நிறுவுகிறார். வாய்வழியாக வந்த செவிவழிப் பக்குவமாக விட்டுவிடவில்லை. இந்தத் துறையின் சிறந்த எழுத்துகளில் கணிசமான பங்கு இப்படி நூலாகாமல் பழைய இதழ்த் தொகுதிகளில்தான் இருக்கிறது. 'மாடல் எஞ்சினியர்' பழைய தொகுதி எங்காவது விலைக்கு வந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

டீசல் என்று மாதிரி உலகில் சொல்லப்படுவது ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருளை அழுத்தத்தாலேயே பற்றவைக்கும் சிறிய இரண்டடி எஞ்சின். பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. உச்சியில் உள்ள கான்ட்ரா பிஸ்டனைத் திருகி அழுத்த விகிதத்தை ஓட்டத்திலேயே மாற்றலாம். உறுப்புகள் குறைவு, ஆனால் பிஸ்டனும் சிலிண்டரும் ரிங் இல்லாமலேயே ஒன்றையொன்று அடைக்குமளவுக்கு லேப்பிங் (நுண்பொடியால் தேய்த்து மெருகேற்றுதல்) செய்யப்பட வேண்டும். லாரன்ஸ் ஸ்பேரி வடிவமைத்த 5 சிசி டீசல் இவ்வகையில் பெயர்பெற்றது. அவருடைய 'தி அமெச்சூர்ஸ் லேத்' 1948-இல் வந்த நூல். எஞ்சின் நூல் இல்லை என்றாலும், சிறிய லேத்தில் துல்லியமாக வேலை செய்ய அதைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை.

சொந்தமாக ஓர் எஞ்சினை வரைய விரும்புபவர் இனி பெரிய எஞ்சின்களின் நூல்களுக்குத்தான் போக வேண்டும். அவற்றில் மாதிரி செய்பவருக்கு மிகவும் பயன்படுவது சார்ல்ஸ் ஃபயட் டெய்லர் எழுதி எம்.ஐ.டி. பதிப்பகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'தி இன்டர்னல் கம்பஸ்டன் எஞ்சின் இன் தியரி அண்ட் பிராக்டிஸ்'. காரணம், எஞ்சினின் அளவு மாறும்போது என்ன மாறும் என்ற கேள்வியை அவர் நேரடியாக எடுத்துக்கொள்கிறார். எம்.ஐ.டி.யில் 2.5, 4, 6 அங்குல விட்டங்களில், மற்ற எல்லாவற்றிலும் ஒரே வடிவம் கொண்ட மூன்று எஞ்சின்களைச் செய்து ஒப்பிட்ட ஆய்வு அதில் இருக்கிறது. பிஸ்டனின் சராசரி வேகம் ஒன்றாக இருந்தால், உள்ளிழுக்கும் திறனும் உறுப்புகளில் உண்டாகும் தகைவும் (ஸ்ட்ரெஸ்) அளவைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை என்பது அதன் சாரம். 80 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் பிஸ்டன் வேகம் விநாடிக்கு 16 மீட்டர், 20 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அதே வேகத்தை எட்ட 24000 சுற்று வேண்டும். எனவே 8000 சுற்றில் ஓடும் நம் சிறிய எஞ்சினின் கனெக்டிங் ராட் உடையும் நிலைக்கு அருகில்கூட இல்லை, விநாடிக்கு 5.3 மீட்டர்தான். பல மாதிரிகளில் கனெக்டிங் ராடைத் தேவைக்கு மேல் கனமாக்கி, அதனாலேயே அதிர்வை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

டெய்லர் கிடைக்காதவர்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. கணேசன் எழுதிய 'இன்டர்னல் கம்பஸ்டன் எஞ்சின்ஸ்' பாடநூலிலிருந்து தொடங்கலாம். நம் பொறியியல் மாணவர்கள் அறிந்த நூல். பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கும். வால்வு டைமிங், எரிபொருள் காற்று விகிதம், அழுத்த விகிதத்தின் பங்கு ஆகியவற்றை அதில் தெளிவாகக் கற்கலாம். அளவைச் சுருக்குவதால் வரும் விளைவுகளை அதில் தேடக் கூடாது. அதோடு கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த டிசைன் டேட்டா புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை முடித்ததும் பலரும் பரணில் போட்டுவிடும் அந்தப் புத்தகத்தில், கிராங்க்பின்னுக்கும் புஷ்ஷுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம், வால்வு ஸ்பிரிங்குக்குக் கம்பி எத்தனை மி.மீ., டைமிங் கியரின் பல் எப்படி என்பதற்கெல்லாம் அட்டவணை உண்டு. ஹெய்வுட் எழுதிய பெரிய பாடநூல் ஆராய்ச்சி மாணவர்களுக்கானது, பட்டறைக்கு வேண்டாம். இரண்டடி எஞ்சின் வரைபவர்களுக்கு 1973-இல் கோர்டன் ஜென்னிங்ஸ் எழுதிய 'டூ ஸ்ட்ரோக் ட்யூனர்ஸ் ஹேண்ட்புக்' போதுமானது. போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு போகும் துளை) திறந்திருக்கும் நேரத்தையும் பரப்பையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை எளிய கணிதத்தில் சொல்லித்தருகிறது.

செய்யப்போவதில்லை என்று தெரிந்தும் வாங்கிய நூல் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. எல்.கே. பிளாக்மோர் எழுதிய பென்ட்லி பி.ஆர். 2 எஞ்சின் நூல் அது. முதல் உலகப் போரின் சாப்வித் ஸ்னைப் விமானத்தில் பொருத்தப்பட்ட, ஒன்பது சிலிண்டர்களும் தண்டைச் சுற்றி மொத்தமாகச் சுழலும் ரோட்டரி எஞ்சினை நான்கில் ஒரு பங்கு அளவில் செய்து ஓடவைக்கும் முறையை விவரிக்கிறது. அசல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 140 மி.மீ., ஸ்ட்ரோக் 180 மி.மீ., மொத்தம் ஏறத்தாழ 25 லிட்டர். நான்கில் ஒன்றாகச் சுருக்கியபோதும் சுமார் 390 சிசி வருகிறது. ஒன்பது முறை ஒரே உறுப்பை ஒரே அளவில் செய்யும் ஒழுங்கு, அதற்காக முன்கூட்டியே செய்துகொள்ளும் ஜிக்குகள் (வேலைப்பொருளைப் பிடித்து வழிகாட்டும் அமைப்புகள்), சுழலும் எடையைச் சமன்செய்வது ஆகியவற்றை ஒற்றைச் சிலிண்டர் செய்பவரும் இதில் கற்கலாம். ஆனால் தொடக்கநிலையினர் இதை முதல் நூலாக வாங்க வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய நூல்களின் மறுபதிப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. நான் வாங்கிய ஒரு மறுபதிப்பில், மூலத்தில் மடிப்புத் தாளாக இருந்த வரைபடத்தைச் சுருக்கி ஒரு பக்கத்துக்குள் அடக்கியிருந்தார்கள். வால்வு வழிகாட்டியின் துளை 3/32 அங்குலமா 5/32 அங்குலமா என்பது கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. பக்கவாட்டுக் காட்சியில் இருந்த மொத்த அகலத்திலிருந்து சுவர்களின் தடிமனைக் கழித்துத்தான் 5/32 என்று உறுதிசெய்ய முடிந்தது. பின்ன அளவுகளில் அச்சிட்ட நூலில் ஓர் எண் மங்கினால் உறுப்பே வீணாகும். எனவே மறுபதிப்பைவிடப் பழைய பிரதிக்கே நான் முன்னுரிமை தருவேன். பணம் அனுப்பும் முன், மடிப்புத் தாள்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று கேட்டு, அவற்றில் ஒன்றையாவது விரித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.